தராசுக்குத் தவணை தவறாமல் முத்திரை. வீட்டுப் பெண்களுக்கு எப்போது பரிசோதனை?



இந்த இதழில் வரி, உரிமம், சரக்கு வரத்து, விலை நிலவரம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். இம்முறை கடைக்குப் பின்கட்டில் இருக்கும் ஒரு காரியத்தை எழுத நேர்ந்திருக்கிறது. பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கும் மேமோகிராம் என்னும் பரிசோதனையைப் பற்றியது இது. "இது பெண்கள் சமாச்சாரம், மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கால் மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிட்டு, இதழை வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுகிறோம்.

நம் கடைத் தராசையே எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரானிக் தராசு என்றால் ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக்கல், தட்டுத் தராசு என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை வாங்கியாக வேண்டும். "தராசு சரியாகத்தானே நிற்கிறது, எதற்கு முத்திரை?" என்று நாம் கேட்க முடியாது. கண்ணுக்குச் சரியாக நிற்கும் தராசிலும் பத்து கிராம் வித்தியாசம் ஒளிந்திருக்கலாம் என்பதற்காகத்தான் அந்தச் சட்டமே. தவணை தவறினால் அபராதம் என்பதால் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறோம். அதே காலண்டரில் வீட்டுப் பெண்களின் உடம்புக்கு ஒரு தேதி குறித்திருக்கிறோமா? எங்கள் வீட்டில் குறிக்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது.

அண்ணி சொல்லாமல் இருந்த ஐந்து மாதம்

எங்கள் குடும்பம் செஞ்சியில் பருப்பு, பயறு, மல்லாட்டை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். அண்ணன் கொள்முதலுக்கு வெளியூர் போய்விட்டால் கல்லாவில் அண்ணிதான் உட்காருவார். எட்டாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றினால் ஒரு பைசா பிசகாது. கடன் கேட்டு வரும் சில்லறைக் கடைக்காரர்கள் அண்ணனிடம் பேசிச் சாதித்துவிடுவார்கள், அண்ணியிடம் முடியாது.

2006-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று இருந்தார். பிறகு பொங்கல் வந்தது. தையில் மகள் கல்யாணம். கல்யாண வேலையில் இதைச் சொன்னால் வீடே கலங்கிவிடும் என்று மறைத்தார். தை, மாசியில் நெல் வரத்து, கமிட்டியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சமயம். பங்குனி பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டம்மாவிடம் வாய் திறந்தார். அதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது.

முதலில் காட்டிய இடத்தில் "நெறி கட்டியிருக்கிறது" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதில் மூன்று வாரம் போனது. உறவினர் ஒருவர் பச்சிலைக் கட்டு போடும் இடத்துக்கு அழைத்துப் போனார். அதில் ஒரு மாதம். கடைசியில் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது அக்குளில் உள்ள நெறிகளுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் நடந்தன. 2009 ஆவணியில் அண்ணி காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபோது ஒருநாள் நம்மைப் பார்த்து, "வலிக்கவே இல்லையே தம்பி. வலிக்காத ஒண்ணுக்கு எதுக்கு டாக்டர் செலவுன்னு இருந்துட்டேன்" என்றார். அந்த வருஷத்துப் பேரேடு கடைப் பரணில் இன்னும் இருக்கிறது. மாசி முடிய அண்ணியின் கையெழுத்து. அதற்கப்புறம் வேறு கை.

வலிக்காத கட்டிதான் ஆபத்து

அண்ணி செய்த தவறை அவர் மட்டும் செய்யவில்லை. நோய் என்றால் வலிக்க வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. காய்ச்சல் இல்லை, பசி குறைவதில்லை, வேலை கெடுவதில்லை. ஆகவே கடைக்கு வந்து உட்கார்ந்து கணக்கு எழுத முடிகிறது. வலி வரும்வரை காத்திருப்பவர் நோய்க்கு அவகாசம் கொடுக்கிறார்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, மார்பின் தோலில் குழி விழுதல், தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் தடித்துப்போதல், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, காம்பைச் சுற்றி ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எது எது என்பதைக் கையால் தொட்டு வீட்டில் முடிவு செய்ய முடியாது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது என்றும், 98 ஆயிரம் பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன லாபம் என்பதற்கும் நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் பல ஊர்களில் புற்றுநோய்ப் பதிவேடுகள் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றில் 11 இடங்களின் பதிவேடுகளை எடுத்து, 2012 முதல் 2015 வரை மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களை 2021 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். நோய் மார்போடு நின்றிருந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 81 பேர் ஐந்து ஆண்டைத் தாண்டினர். அக்குள் போன்ற பக்கத்து இடங்களுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் 100-க்கு 65 பேர். நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் 18 பேர்தான். அண்ணி சொல்லாமல் இருந்த ஐந்து மாதத்தின் அர்த்தம் இந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு முழுவதும் விளங்கியது.

மேமோகிராம் என்றால் என்ன?

மேமோகிராம் என்பது மார்புக்கென்றே அமைந்த எக்ஸ்ரே படம். கைக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளருவதற்கு முன்பே, படத்தில் சிறு புள்ளிகளாகவும் நிழலாகவும் அது தெரிந்துவிடக்கூடும். பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் என்பவர், அறுவைச் சிகிச்சையில் அகற்றிய ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1913-ல் எழுதினார். இத்துறைக்கு அதுவே பிள்ளையார் சுழி. பின்னர் 1963-ல் நியூயார்க் நகரில் 40 முதல் 64 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 62,000 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆண்டுதோறும் மேமோகிராமும் மருத்துவர் பரிசோதனையும் செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. அதன் பிறகே மற்ற நாடுகளும் இதைக் கையில் எடுத்தன.

சோதனை எப்படி நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பயம். 2022-ல் எங்கள் வீட்டம்மாவை இதற்காகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். அப்போது அவருக்கு வயது 57. எந்தத் தொந்தரவும் இல்லை. மருமகள்தான், "பெரியம்மாவுக்கு நடந்தது போதும் மாமா, அத்தையை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பிடிவாதமாக நின்றாள்.

புடவை, ரவிக்கை உடுத்திப் போனால் போதும். மேலுடை மட்டும் களைய வேண்டும். அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடரோ சென்ட்டோ போடக்கூடாது. பவுடர்த் தூள் படத்தில் புள்ளியாக விழுந்து குழப்பும். மார்பை ஒரு தட்டின்மேல் வைத்து, மேலிருந்து இன்னொரு தட்டால் சில நொடி அழுத்திப் படம் எடுப்பார்கள். அழுத்தும்போது சிலருக்கு வலிக்கும், உடனே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். படம் எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் கேட்டோம், பெண்தான் எடுத்தார். மாதவிலக்கு நிற்காத பெண்கள் அது முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"எக்ஸ்ரே எடுத்தாலே புற்றுநோய் வந்துவிடுமாமே" என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு மேமோகிராமில் உடம்பில் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மேல் ஏழு வாரத்தில் படும் அளவுதான். அந்தப் பயத்துக்காகச் சோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மறுபடி வரச் சொன்னார்கள்

அறிக்கையில் 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கற்றது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4 என்றால் சந்தேகம், ஊசிச் சோதனை தேவை. 5 என்றால் சந்தேகம் மிக அதிகம். 6 என்பது ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு. 0 என்றால் இந்தப் படம் போதாது, இன்னும் படமோ ஸ்கேனோ எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டம்மாவுக்கு 0 வந்தது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்து நாம் நிம்மதியாக ஊர் திரும்ப இருந்தோம். மருமகள்தான் படித்துப் பார்த்து நிறுத்தினாள். ஸ்கேன் எடுத்த பிறகு 4 என்றார்கள்; ஊசிச் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள். கமிட்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டுக் கைப்பிடி தானியத்தை எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதே வேலைதான். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கட்டியிலிருந்து துளி சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். "ஊசி பட்டால் நோய் பரவிவிடும்" என்று பயந்து இதை மறுப்பவர்கள் பலர். அந்தப் பயம் வேண்டாம். சிகிச்சை எது என்று தீர்மானிப்பதே இந்தச் சோதனையை வைத்துத்தான்.

முடிவு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் கடையில் என்ன விற்றோம், என்ன வாங்கினோம் என்று நினைவில்லை. தீங்கற்ற கட்டி என்று முடிவு வந்தது. திரும்பி வரும் வழியில் எங்கள் வீட்டம்மா, "அஞ்சு நாள் பயந்தா பயந்துட்டுப் போறேங்க. அக்கா மாதிரி அஞ்சு மாசம் மறைச்சு வைக்கலையே" என்றார்.

இப்படி மறுபடி அழைக்கப்படுவது சாதாரணம். அமெரிக்காவில் சோதனைக்கு வரும் 100 பெண்களில் ஏறத்தாழ 10 பேரை மறுபடி அழைக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருப்பது நிச்சயமில்லை. ஆகவே மறுபடி வரச் சொன்னால் மனம் உடையவும் வேண்டாம், போகாமல் இருக்கவும் வேண்டாம்.

வரவும் பற்றும்

வியாபாரிக்கு ஒரு பக்கக் கணக்கு மட்டும் சொன்னால் நம்பமாட்டான். மேமோகிராமுக்கும் பற்றுப் பக்கம் உண்டு.

இங்கிலாந்தில் 1988 முதல் அரசே பெண்களை அழைத்து இச்சோதனையைச் செய்து வருகிறது. இதனால் உண்மையில் பயன் உண்டா என்று 2012-ல் ஒரு நிபுணர் குழு கணக்குப் பார்த்தது. 50 வயதிலிருந்து 20 ஆண்டுக் காலம் 10,000 பெண்களை அழைத்துச் சோதித்தால் 43 உயிர்கள் காக்கப்படுகின்றன என்றது. அதே சமயம், வாழ்நாளில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய புற்றுநோய்க்காக 129 பேர் சிகிச்சை பெறுகிறார்கள் என்றும் சொன்னது. எந்தக் கட்டி வளரும், எது சும்மா கிடக்கும் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல முடியாததால் வரும் நட்டம் இது.

இரண்டாவது, மேமோகிராம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது. எட்டில் ஒரு புற்றுநோய் படத்தில் தப்பிவிடுவதாகச் சொல்கிறார்கள். இளவயதுப் பெண்களின் மார்பு இறுகிய தசையாக இருப்பதால் படம் முழுவதும் வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளையாகவே விழும். ஆகையால் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாக இதைச் சொல்வதில்லை. ஸ்கேன்தான் அவர்களுக்கு உதவும். போன வருஷம் படம் நன்றாக இருந்தது என்பதற்காக, இந்த வருஷம் தட்டுப்படும் கட்டியை அலட்சியம் செய்யக்கூடாது.

நாட்டுக்கு நாடு வயதும் மாறுகிறது. அமெரிக்க நிபுணர் குழு 2024-ல், 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்றது. இங்கிலாந்தில் 50 முதல் 70 வயது வரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. நம் இந்திய அரசு 2016-ல் வகுத்த வழிமுறை வேறு. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அது. மேமோகிராம் இயந்திரமும் அதைப் படிக்கும் நிபுணரும் ஊர்தோறும் இல்லாத நாட்டில் முதலில் எட்டக்கூடியது இதுவே.

கையால் பார்ப்பதில் என்ன பயன் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-ல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரை உள்ள 1,51,538 ஏழைப் பெண்களை இருபது ஆண்டுக் காலம் கவனித்தார்கள். ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். மறு பாதியினருக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும். 2021-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் முற்றிய நிலையில் நோய் கண்டவர்கள் 100-க்கு 37 பேர். மற்றப் பிரிவில் 47 பேர். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே இறப்பு குறையவில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மருத்துவரும் அல்லாத, விலையுயர்ந்த இயந்திரமும் இல்லாத பெண் பணியாளர்களின் கைகள் செய்த வேலை இது.

நம் மண்டியில் நடந்தது

இதை நாம் கண்ணாலேயே பார்த்தோம். எங்கள் மண்டியில் உளுந்து, பயறு புடைத்துச் சலிக்கும் பெண்களில் ஒருவர், வயது 46. ஊரில் கிராம சுகாதார செவிலியர் அழைத்தும் மூன்று முறை போகவில்லை. காரணம் கேட்டால், "ஒரு நாள் கூலி போயிடும் முதலாளி" என்றார். நமக்குச் சுருக்கென்றது. அண்ணி வியாபாரத்துக்காகத் தள்ளிப் போட்டார். இவர் நம் கூலிக்காகத் தள்ளிப் போடுகிறார். கூலி பிடிக்கமாட்டோம், போய் வா என்று அனுப்பினோம்.

செவிலியர் கையில் சிறு கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராமும் ஊசிச் சோதனையும் புற்றுநோய் என்றன. ஆனால் அக்குளுக்குப் பரவவில்லை. மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குக் கைக்காசு போகவில்லை. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு. ஏழாம் மாதம் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று மற்றப் பெண்கள் எல்லோரும் தாங்களும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக நம்மிடம் நாள் கேட்டார்கள்.

செஞ்சியில் நாம் செய்யக்கூடியவை

நம் ஊரில் "அடையாறுக்குப் போயிருக்கிறார்கள்" என்று காதோடு காதாகச் சொன்னால், இனிப் பிழைக்கமாட்டார் என்றே பொருள் கொண்டு பழகிவிட்டோம். அந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கியது அது. டாக்டர் சாந்தா 1955-ல் அங்கே சேர்ந்து, 2021-ல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். நோய் முற்றிய பிறகு கடைசியாகப் போகும் இடமாக நாம்தான் அதை ஆக்கிவைத்தோம். சீக்கிரம் போனவர்கள் குணமாகித் திரும்பி வந்து நம் கடையிலேயே சாமான் வாங்குகிறார்கள். அவர்கள் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நம் செஞ்சியிலிருந்து வழிகள் இவை. 30 வயதைக் கடந்த பெண்கள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, செஞ்சி அரசு மருத்துவமனையிலோ செவிலியர், மருத்துவர் கையால் பரிசோதனை செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. கட்டியோ வேறு அறிகுறியோ இருந்தால் வயது எதுவானாலும், முகாம் வரட்டும் என்று காத்திராமல் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். ஜிப்மர் நமக்கு எழுபது கிலோமீட்டருக்குள்தான். காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் 104 எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

40 வயதைக் கடந்தவர்கள், தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும், மேமோகிராம் எடுப்பதைப் பற்றி ஒரு மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். 50-ஐத் தாண்டியவர்களுக்கு இதனால் பயன் அதிகம். தாய், அக்கா, தங்கை, மகள் இவர்களில் யாருக்காவது இந்நோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு முன்னதாகவே சோதனை தேவைப்படலாம். அண்ணியின் மகள் இப்போது அப்படித்தான் பார்த்து வருகிறாள். "சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆவது" என்று முதலில் நாங்களும் தயங்கினோம். மாப்பிள்ளையே முன்வந்து அழைத்துப் போகிறார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் தனியார் நிலையத்தில் எங்கள் வீட்டம்மாவின் மேமோகிராமுக்கு 2,000 ரூபாய் ஆனது. ஒரு மூட்டை உளுத்தம்பருப்பின் விலையில் பாதிகூட இல்லை. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நம்மிடம் வேலை செய்பவர்கள் அந்த அட்டை எடுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு முதலாளியும் கேட்க வேண்டும்; இல்லையென்றால் வருமானச் சான்று வாங்க ஒரு நாள் விடுப்புக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஆண்களுக்கும் ஒரு சொல். மார்பகப் புற்றுநோய் கண்ட 100 பேரில் ஒருவர் ஆணாக இருக்கிறார். சட்டைக்குள் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாமும் மறைக்கக் கூடாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. கடைத்தெருவே மகிழ்ந்து இனிப்பு வழங்கியது. அதே கடைத்தெருவில் கல்லாவில் உட்காரும் பெண்கள் எத்தனை பேர், மண்டிகளில் புடைக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று நம் சங்கம் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் முதலில் செவிலியரிடம் போய்வர ஒரு நாள், கூலி பிடிக்காமல். 40-ஐக் கடந்து மருத்துவர் மேமோகிராம் சொன்னவர்களை மாதம் ஒரு வார விடுமுறையில் சங்கச் செலவில் ஒரு வேன் வைத்துப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகலாம். முதல் ஆறு மாத வேன் வாடகையை எங்கள் கடை ஏற்றுக்கொள்கிறது. பெயர் கொடுப்பவர்கள் சங்க அலுவலகத்தில் சொன்னால் போதும். எதற்காக என்று பலகையில் எழுதிப் போட மாட்டோம். துணைக்கு எங்கள் வீட்டம்மாவும் மருமகளும் வேனில் வருவார்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சரக்கு இறக்கும் அவசரம் தொடங்குவதற்கு முன், இன்று இரவு கடை சாத்தியதும் காலண்டரை எடுத்து, தராசு முத்திரைத் தேதிக்குப் பக்கத்தில் வீட்டில் உள்ள பெண்களுக்கும் ஒரு தேதியைக் குறித்துவிட வேண்டுகிறோம். குறிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறாயா?" அந்த ஒரு கேள்வியை 2006 தீபாவளியில் எங்கள் வீட்டில் யாரும் அண்ணியிடம் கேட்கவில்லை.